கும்பிட்ட கை

காஜா பெராங், மலாக்கா
8 மார்ச் 1957

தம்பி கருணாகரனுக்கு அக்கா சாரதாம்பாள் எழுதுவது. நான், உன் அத்தான், குழந்தை விஜயா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் வயிற்றுவலி தேவலையா? கோலாலம்பூர்க் கோப்பிக்கடைச் சாப்பாட்டை நீ விடாதவரை அது உன்னை விடாது.

நம் பால்காரர் மருதமுத்து செத்துப்போனார். செத்துப்போனார் என்று எழுதுகிறேனே, சுட்டுக் கொன்றார்கள். புதன்கிழமை விடிகிற நேரம். புக்கிட் காதிலில் அவர் மாட்டுக் கொட்டகை இருக்கிறதல்லவா, அங்கிருந்து உன் அத்தான் வேலை பார்க்கிற ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து வந்தால் காஜா பெராங்குக்குக் குறுக்குவழி. பதினொரு வருஷமாக அவருக்கு அதுதான் பாதை. ரப்பர்பால் திருட்டுப் போகிறது என்று தோட்டத்து மேனேஜர் துரைக்கு ஒரு மாதமாகக் கோபமாம். அன்றைக்கு அவரே துப்பாக்கியோடு நின்றிருக்கிறார்.

அஞ்சலை பத்தடி பின்னால் இன்னொரு கேனோடு வந்திருக்கிறாள். புருஷன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “டார்ச் வெளிச்சம் அடிச்சுச்சு அக்கா. யாரும் கூப்பிடல, கத்தல. இவரு நின்னாரு. தோளுல கேனு. பாலு கொட்டிடக் கூடாதேன்னு திரும்பிக் குனிஞ்சு அதை மெதுவா எறக்கி வச்சாரு. வைக்கும்போதே வெடிச்சுது. முதுகுலதான் பட்டுது.”

மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் என்ன போட்டார்கள் தெரியுமா? ‘அரிவாளுடன் பாய்ந்த ஆசாமி சுடப்பட்டான்.’ இடுப்பில் புல் அறுக்கிற அரிவாள் இருந்ததாம். மாடு வைத்திருக்கிறவன் இடுப்பில் பேனாவா இருக்கும்? அந்த மனுஷர் பாலில் தண்ணீர் கலப்பார், நானே எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். அதற்குமேல் ஒரு குற்றம் அவர்மேல் யாரும் சொல்ல முடியாது.

உன் அத்தானுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அன்றைக்குப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் போனவர் மத்தியானமே வந்து படுத்துவிட்டார். கேட்டால் தலைவலி என்கிறார்.

வக்கீல் ஜெயபாலன் தானாகவே வந்து வழக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார். அஞ்சலை பார்த்ததை மரண விசாரணையில் அவளே முதல்முதலாகச் சொல்லட்டும், அதுவரை வெளியே மூச்சு விடவேண்டாம் என்கிறார். ஆகவே இதை என் தம்பிக்கு எழுதுகிறேன். உன் பத்திரிகைக்கு அல்ல.

உன் நலம் விரும்பும்
அக்கா

*

கோலாலம்பூர்
11 மார்ச் 1957

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் வந்தது. வயிறு அப்படியேதான் இருக்கிறது. விஜயாவுக்கு என் முத்தம்.

நீ சொன்னதை அச்சில் ஏற்ற மாட்டேன், அம்மாமேல் ஆணை. ஆனால் ‘பொதுஜன தீபம்’ சும்மா இருக்கப் போவதில்லை. ஆங்கிலப் பத்திரிகையின் வாசகர் கடிதங்களைப் பார்த்தாயா? தோட்டத் துரைமார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்கிறார்களாம், இது ஒரு துரைசானி. பிறர் நிலத்தில் நடந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறான் இன்னொருவன். ‘படித்த இந்தியன்’ என்று ஒரு கறுப்புத் துரை, பால்காரர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விடவேண்டும் என்று எழுதுகிறான். சுட்டவரின் படம் மூன்று நாளாக வருகிறது, நாயோடு நிற்கிற படம். செத்தவருக்கு முகமே கிடையாது.

நமக்கும் கடிதம் குவிகிறது. ‘செங்குருதி’ என்ற பெயரில் மட்டும் பதினேழு பேர். இன்னும் ஐந்து மாதத்தில் சுதந்திரம் வரப்போகிற நாட்டில் ஒரு தமிழன் உயிருக்கு என்ன விலை என்று கேட்கிறார்கள். ஆசிரியர் சேதுராமன் என்னைக் கூப்பிட்டு, “இந்த விவகாரம் முழுக்க உன் பொறுப்பு” என்று சொல்லிவிட்டார். மருதமுத்துவின் படம் ஒன்று வேண்டும், உடனே அனுப்பு. தண்ணீர் கலந்த கதையை மட்டும் யாரிடமும் சொல்லித் திரியாதே.

ஒன்று கேட்கிறேன். அத்தான் அந்தத் தோட்டத்தின் தலைமைக் கிராணி, ஆபீஸ் கணக்கு முழுக்க அவர் கையில். பெரட்டுக் களத்துக்கும் அந்தப் பாதைக்கும் கூப்பிடு தூரம்கூட இல்லை. துரை எச்சரித்துக் கத்தினாரா இல்லையா என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்புத் தம்பி
கருணாகரன்

*

காஜா பெராங்
13 மார்ச் 1957

தம்பிக்கு, எல்லோரும் சுகம். உன் அத்தானின் தலைவலி தேவலை.

படம் வைத்திருக்கிறேன். கல்யாணத்தில் எடுத்த ஒன்றுதான் அவர்களிடம் இருக்கிறது, பத்திரமாகத் திருப்பி அனுப்பு. அஞ்சலை பதினாறு முடியும்வரை மூலையில்தான் இருக்கிறாள். அழுவதில்லை. மாட்டுக்கு யார் புல் போட்டது என்று மட்டும் வருகிறவர்களைக் கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை கூடுகிறது. விஜயாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கவேண்டும், பெண்டஹாரா ரோட்டுக்குப் போகிறேன். வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

கோலாலம்பூர்
16 மார்ச் 1957

அன்புள்ள அக்கா, உன் சுகத்தை விசாரிக்கக்கூட நேரமில்லாமல் எழுதுகிறேன். இன்றைய பத்திரிகை காலை ஒன்பது மணிக்குள் ஒரு பிரதி மிச்சமில்லாமல் தீர்ந்தது. பத்து ரோட்டில் ஒருவர் பலசரக்குக் கடை வாசலில் ஏறி நின்று உரக்க வாசித்தார், ஐம்பது பேர் கேட்டார்கள். ஒரு கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உனக்காக வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

“கும்பிட்ட கையையா சுட்டாய்? கோர்ட்டில் கதறினாள் அஞ்சலை!

மலாக்கா, மார்ச் 15. தலைவிரி கோலமாகக் கோர்ட்டுக்குள் நுழைந்த பால்காரர் மருதமுத்துவின் மனைவி அஞ்சலையைக் கண்டு கல்லும் கரைந்தது. ‘துரையே! என் புருஷன் இரு கை தூக்கிக் கும்பிட்டு, ஐயா நான் பால்காரன் என்று கெஞ்சினாரே! உன் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினாரே! கும்பிட்ட கையையா சுட்டாய்?’ என்று அவள் கேட்டபோது துரை தலை குனிந்தார். கோர்ட்டே கண்ணீர் வடித்தது.”

எப்படி? உனக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றியிருக்கிறேன் பார். கேனைப் பற்றியோ முதுகைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. மலாக்கா நிருபர் நன்றாகச் செய்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை இங்கே கண்டனக் கூட்டம்.

அத்தான் என்ன சொல்கிறார்? போன கடிதத்தில் நீ ஒன்றும் எழுதவில்லையே.

கருணாகரன்

*

காஜா பெராங்
18 மார்ச் 1957

கருணாகரா,

நலம் விசாரிக்க எனக்கும் மனமில்லை.

பதினாறு முடியும்வரை மூலையில்தான் இருக்கிறாள் என்று எழுதினேனே, அதை நீ படித்தாயா, படத்தை உருவிக்கொண்டு காகிதத்தைக் குப்பையில் போட்டாயா? தாலி அறுத்தவள் பத்தாம் நாள் வாசற்படி தாண்டிக் கோர்ட்டுக்குப் போவாளா? அதை ஒரு சீனனுக்குத் தெரியாது என்று சொல்லலாம், வெள்ளைக்காரனுக்குத் தெரியாது என்று சொல்லலாம். கழுத்தில் ருத்திராட்சம் கட்டிக்கொண்டு தமிழ்ப் பத்திரிகை நடத்துகிற உங்களுக்குமா தெரியாது?

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன், போட்டுக்கொள். வக்கீல் எழுந்து, சாட்சி துக்கத்தில் இருக்கிறாள், சடங்கு முடிந்து வருவாள், தேதி கொடுங்கள் என்றார். மாஜிஸ்திரேட் 25ஆம் தேதிக்குத் தள்ளி வைத்தார். மொத்தம் ஐந்து நிமிஷம். துரை வரவே இல்லை. உன் மலாக்கா நிருபர் அன்றைக்குச் சிரம்பானில் மச்சினன் கல்யாணத்தில் இருந்தாராம்.

இன்றைக்கு ஆங்கிலப் பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். ‘கோர்ட்டுக்கு வராத விதவை கோர்ட்டில் அழுத அதிசயம்.’ ஊரே சிரிக்கிறது. துரைமார் கிளப்பில் அதை வெட்டி ஒட்டியிருக்கிறார்களாம். ஜெயபாலன் உன் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “அம்மா, இது உங்க தம்பி பத்திரிகைதானே? எதிர் வக்கீலுக்கு நாமே துப்பாக்கி எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு” என்றார்.

25ஆம் தேதிக்குள் மறுப்புப் போடு. அந்தப் பெண் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, நாங்கள்தான் தவறாகப் போட்டோம் என்று நான்கு வரி போதும். உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

சாரதாம்பாள்

*

கோலாலம்பூர்
21 மார்ச் 1957

அக்கா,

உன் கோபம் நியாயம். நிருபர் எழுதவில்லை, நான்தான் எழுதினேன். நடந்ததைச் சொல்கிறேன், கேள். இரண்டு மணிக்குப் பக்கத்தை மூடினால்தான் தபால் ரயிலைப் பிடிக்க முடியும். ஒன்றரை வரை மலாக்கா நிருபரிடமிருந்து போன் வரவில்லை. முதல் பக்கத்தில் முக்கால் பத்தி வெறுமையாக நிற்கிறது. எப்படியும் அவள் கோர்ட்டுக்கு வருவாள், அழுவாள், துரையைக் கேட்பாள் என்று நினைத்தேன். எந்தப் பெண்தான் கேட்க மாட்டாள்? இங்கே எல்லாப் பத்திரிகையிலும் முன்கூட்டி எழுதி வைப்பது உண்டு. மேடைப் பேச்சுகளில் பாதி, பேசுவதற்கு முன்பே அச்சாகிவிடும். மூலை என்று நீ எழுதியதைப் படித்தேன், சத்தியமாகப் படித்தேன். அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

மறுப்பைப் பற்றிச் சேதுராமனிடம் பேசினேன். “மறுப்புப் போட்டால் அவன் சொன்னது உண்மை என்று நாமே கையெழுத்துப் போட்டதாக ஆகும். ஆயிரம் பேர் அழுதிருக்கிறார்கள், அந்தக் கண்ணீருக்கு என்ன மறுப்பு?” என்கிறார். நானும் யோசித்தேன். வார்த்தைதான் மாறியது, உண்மை ஒன்றுதானே? ஒரு நிரபராதியைச் சுட்டார்கள். கும்பிட்டால் என்ன, குனிந்தால் என்ன?

25ஆம் தேதி அவள் உள்ளதைச் சொல்லட்டும். எல்லாம் சரியாகிவிடும். அத்தானும் துணைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.

கருணாகரன்

*

காஜா பெராங்
28 மார்ச் 1957

கருணாகரனுக்கு,

விசாரணை முடிந்தது. நான் மூன்று நாளும் போயிருந்தேன். நீ எழுதுவதைப்போல எனக்கு எழுத வராது, நடந்ததைத்தான் எழுதத் தெரியும்.

அஞ்சலை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினாள். தலைவிரி கோலம் இல்லை, எண்ணெய் வைத்து வாரி முடிந்திருந்தாள். கேனை இறக்கக் குனிந்தது, வெடித்தது, முதுகில் பட்டது எல்லாம் என்னிடம் சொன்னபடியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். காயம் முதுகில்தான் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவர் நம்பினார் கருணாகரா. அந்த முகத்தை நான் பார்த்தேன்.

பிறகு துரையின் வக்கீல் எழுந்து உன் பத்திரிகையை எடுத்துத் துபாஷியிடம் கொடுத்தார். துபாஷி தமிழில் வாசித்தார். நல்ல குரல், உன் நடையும் நல்ல நடைதான், கோர்ட்டு அசையாமல் கேட்டது.

“இது நீ சொன்னதா?”

“இல்லீங்க ஐயா.”

“அப்படியென்றால் உன் புருஷன் கும்பிடவில்லை?”

“இல்லீங்க. குனிஞ்சாரு.”

“துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இதில் இருக்கிறது. நீ முதுகு காட்டினார் என்கிறாய். எது பொய்?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

“உன் ஜனங்களுடைய பத்திரிகை பொய் எழுதுமா?”

அதற்குப் பிறகு அந்த ஆள் நிதானமாகக் கேட்டார், “பத்திரிகைக்கு இந்தக் கதையைக் கொடுத்தது யார்?”

அவ்வளவு கூட்டத்தில் அவள் என் ஒருத்தியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “தெரியாதுங்க” என்றாள். மூன்று நாளில் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதுவும் எனக்காக. துரையின் வக்கீல் அவள் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சிரித்தார். யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்று அந்தச் சிரிப்பே சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து ஒருவர் சாட்சி சொன்னார். துரை இரண்டு தடவை ‘நில்’ என்று கத்தியது காதில் விழுந்ததாகச் சொன்னார்.

நேற்றுத் தீர்ப்பு. விதவையின் பெயரால் பல கதைகள் உலவுவதால் எதையும் நம்புவதற்கில்லையாம். தவறுதலாக நேர்ந்த மரணம். துரை தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனார். வெளியே வந்ததும் அஞ்சலை என்னிடம் கேட்டாள், “நான் எந்த எடத்துல அக்கா தப்பாச் சொன்னேன்?”

நீ படத்தை இன்னும் திருப்பி அனுப்பவில்லை.

சாரதாம்பாள்

*

கோலாலம்பூர்
2 ஏப்ரல் 1957

அக்காவுக்கு,

‘தோட்டத்திலிருந்து ஒருவர்.’ அழகாக எழுதியிருக்கிறாய். என்னைவிட நல்ல பத்திரிகைக்காரி நீ.

ஆங்கிலப் பத்திரிகையில் பெயரோடு போட்டிருக்கிறான். தலைமைக் கிராணி ராஜரத்தினம், பத்தொன்பது வருஷ சேவை, ‘நில்’ என்ற குரல் இரண்டு தடவை தெளிவாகக் கேட்டது என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தலைவலி, சோறு இறங்காதது, நான் மூன்று தடவை கேட்டும் நீ சட்டை தைக்கப் போனது.

ஒன்றரை மணிக்கு ஒரு பத்தியை நிரப்ப நான் பொய் எழுதினேன். உன் வீட்டுக்காரர் கடவுள் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார். நான் எழுதியது செத்தவனுக்காக. அவர் சொன்னது சுட்டவனுக்காக. அஞ்சலை கோர்ட்டில் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று உருகியிருக்கிறாயே, அந்தக் கூண்டில் அடுத்து ஏறப்போவது யார் என்பது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னைப் பார்த்திருக்க மாட்டாள், உன்மேல் காறித் துப்பியிருப்பாள்.

படத்தைத் தேடினேன். அச்சுக்கூடத்தில் பிளாக் எடுக்கும்போது தொலைந்துவிட்டதாம்.

கருணாகரன்

*

காஜா பெராங்
10 ஜூன் 1957

தம்பிக்கு,

இரண்டு மாதம் உனக்கு எழுதாமல் இருந்து பார்த்தேன். விஜயா, மாமாவிடமிருந்து ஏன் கடுதாசி வரவில்லை என்று நச்சரிக்கிறாள். நாங்கள் இருக்கிறோம். உன் வயிறு எப்படி இருந்தாலும் சாப்பிடு.

கேட்டாயே, சொல்கிறேன். துரை கத்திய சத்தம் ஒன்றும் உன் அத்தானுக்குக் கேட்கவில்லை. முதலில் கேட்டது வெடிதான். அன்று மத்தியானம் வந்து படுத்தவர் ராத்திரி என்னிடம் சொன்னார். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். துரை கேட்டால் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார், பிறகு நான் அதைத் தாங்க வேண்டியிருந்திருக்கும்.

அவர் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். சுதந்திரம் வந்ததும் யார் இந்த நாட்டான், யார் அந்நியன் என்று பார்ப்பார்களாம். பிரஜையாகப் பதிய நல்ல நடத்தைக்கு ஒரு பெரிய மனிதர் கடிதம் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துரை தருகிறேன் என்றாராம். சொன்னபடி தந்துவிட்டு மே மாதம் கப்பல் ஏறினார். கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார் உன் அத்தான். ‘உண்மை பேசுகிறவர், நம்பத் தகுந்தவர்’ என்று எழுதியிருக்கிறது. படித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தார். ஆனால் கடிதத்தைக் கிழிக்கவில்லை, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்.

எது பெரிய பொய் என்று நீ தராசு பிடிக்கிறாய். இரண்டும் நம் வீட்டுப் பொய், கருணாகரா. அவள் ஒருத்தி சொன்ன உண்மையை நாம் அக்கா தம்பி இரண்டு பக்கமும் நின்று அடித்தோம்.

அஞ்சலை விஷயம் கேள். விசாரணை முடிந்த பிறகு மப்டி போலீஸ்காரர்கள் இரண்டு பேர் அவள் பால் ஊற்றுகிற வீடுகளில் விசாரித்தார்கள். அவ்வளவுதான், கவர்மெண்டு உத்தியோகக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். உன் ‘செங்குருதி’க்காரர்கள் யாரும் அவளிடம் பால் வாங்க வரவில்லை. நானும் நிறுத்திவிட்டேன். அவள் முகத்தைத் தினமும் விடியற்காலையில் பார்க்க என்னால் முடியவில்லை. டின் பால் வாங்குகிறோம். அவள் நாலு நாள் வாசலில் நின்று “அக்கா, பாலு” என்று கூப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஐந்தாம் நாள் அவள் வரவில்லை. நான்கு மாட்டில் மூன்றை விற்றுவிட்டாள் என்று கேள்வி.

அக்கா

*

கோலாலம்பூர்
9 செப்டம்பர் 1957

அன்புள்ள அக்கா, மெர்டேக்கா சுதந்திர விழாவை உங்கள் ஊர்ப் பாடாங் திடலில் கொண்டாடியிருப்பீர்கள். விஜயா கொடி பிடித்தாளா? அத்தானின் உடம்பு எப்படி இருக்கிறது? அவர்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

உன் ஜூன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கண்டனக் கூட்டங்களில் இன்னும் அந்தக் ‘கும்பிட்ட கை’யைத்தான் பேசுகிறார்கள். ஈப்போவில் நாடகமாகவே போட்டார்கள். மருதமுத்துவாக நடித்த பையன் கைகூப்பியபோது விசில் பறந்தது. நான் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னைத் துரோகி என்றார்.

சேதுராமனிடம் மூன்று வாரம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தேன். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு மலரில் முழுப் பக்கம். அஞ்சலை கண்ணால் கண்டதை, அவள் வாயால் சொன்னபடி, நான் ஒரு புள்ளிகூட வைக்காமல் போடப்போகிறேன். முன்பு எழுதியது என் கற்பனை என்று என் பெயரிட்டு எழுதுவேன். வேலை போனாலும் சரி. குனிந்து கேனை வைத்த மனிதரை முதுகில் சுட்டார்கள் என்பது இந்த நாட்டில் ஒரு காகிதத்திலாவது இருக்கவேண்டும். இருபத்தொன்பதாம் தேதி மலாக்காவில் கூட்டமும் ஏற்பாடாகிறது, அங்கேயும் அவளே பேசட்டும்.

நீ போய்க் கேட்டு எழுதி அனுப்பு. அவள் சொல்வதைச் சொன்னபடி எழுது. உனக்குத்தான் அது வரும். இந்த ஒன்றை எனக்குச் செய்.

தம்பி

*

காஜா பெராங்
17 செப்டம்பர் 1957

தம்பிக்கு,

சுகம். நீ கேட்டாய் என்று போனேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் வீட்டு வாசலை மிதித்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கோப்பி கலந்து கொடுத்தாள். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

சொல்வதைச் சொன்னபடி எழுதச் சொன்னாய். கீழே இருப்பது அவள் சொன்னது. ஒரு எழுத்து நான் மாற்றவில்லை. “அப்படி இல்லையே அஞ்சலை, அடக்கத்தன்று என்னிடம் வேற மாதிரி சொன்னாயே” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பயந்துபோய் என் வாயைப் பொத்தினாள். “சத்தமா சொல்லாதீங்க அக்கா” என்றாள். அதன்பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாரதாம்பாள்

பேப்பர் தம்பிக்கு அஞ்சலை சொல்லிக்கிறது. நானும் மாடும் நல்லாருக்கோம். நீங்க நல்லாருக்கணும்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களாம். டார்ச் வெளிச்சம் அடிச்சுது. என் வீட்டுக்காரரு ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாரு. ஐயா நான் பால்காரன்னு கெஞ்சினாரு. தொரை மூஞ்சியப் பாத்துத்தான் கெஞ்சினாரு. கும்பிட்ட கையோட இருக்கும்போதே சுட்டுட்டாங்க. இதுதான் நடந்துச்சு.

கோர்ட்டுல நான் மாத்திச் சொல்லிட்டேன். இருட்டுல சரியாப் பாக்கல போலருக்கு. இங்க எல்லாரும் என்னைத்தான் ஏசுறாங்க. பேப்பர்ல அவ்வளவு நல்லா எழுதியிருந்தாங்களே, அதை அப்படியே சொல்லியிருந்தா தொரைய உள்ள தள்ளியிருப்பாங்க, நீதான் குனிஞ்சாரு, முதுகு அது இதுன்னு உளறிக் கெடுத்துட்டியேன்னு சொல்றாங்க. கோயில்லயும் சொல்றாங்க, கடையிலயும் சொல்றாங்க. அவரைக் கொன்னது அவன், அவரு சாவைக் கெடுத்தது நான்.

மீட்டிங்குக்கு வரச் சொல்லியிருக்கீங்க. வர்றேன் தம்பி. இந்தத் தடவை தப்பாச் சொல்ல மாட்டேன். நீங்க முன்னாடி எழுதின அந்தப் பேப்பரு ஒண்ணு இருந்தா அனுப்புங்க. அக்கா படிச்சுக் காட்டுவாங்க. மீட்டிங்குக்கு முன்னாடி நல்லா மனப்பாடம் பண்ணிடறேன்.

இப்படிக்கு,
அஞ்சலை கைநாட்டு